போதை மீட்பு ஆலோசகர்: சான்று யாருக்கு, எதைப் பார்த்து?

தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்தில் ஒருவர் மருந்துக்கடை திறக்க வேண்டுமானால், பார்மசி படித்துப் பதிவு செய்த ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. டீக்கடைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். லாரி ஓட்டக் கனரக வாகன உரிமம் வேண்டும். அதே தெருவில் ‘போதை மீட்பு ஆலோசகர்’ என்று பலகை மாட்டி, குடியால் நொந்துபோன ஒரு குடும்பத்தை எதிரே உட்காரவைத்துப் பேச மட்டும் எந்தச் சான்றும் வேண்டியதில்லை. கேட்பாரும் இல்லை.

சட்டத்தில் ஓட்டை என்றால் அடைத்துவிடலாம். ஆனால், ஓட்டையை அடைக்கிறேன் என்று வாசலையே பூட்டிவிடும் பழக்கம் நம் அரசாங்கங்களுக்கு உண்டு. போதை மீட்பு ஆலோசகர்களுக்குத் தமிழ்நாடு அரசு சான்றளிக்கும் முறை ஒன்று கட்டாயம் வேண்டும். அது பட்டத்தை அளக்கும் முறையாக இருந்தால் பயனில்லை. ஒரு மூத்தவரின் கண்காணிப்பில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், என்ன கற்றுக்கொண்டார் என்பதை அளக்க வேண்டும். கீழப்பாவூரை வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

தென்காசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், நரசிம்மர் கோயிலும் பெரிய குளமும் உள்ள பேரூராட்சி கீழப்பாவூர். சுற்றுவட்டாரம் முழுக்க வீட்டுக்கு வீடு பீடி. பெண்கள் இலையை நனைத்து, கத்தரியால் அளவு பார்த்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி அடுக்குவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆண்களில் பலர் பக்கத்திலுள்ள பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்கள், கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகிறார்கள், வயலில் நிற்கிறார்கள். கூலி கைக்கு வரும் நாளில் அந்தப் பணம் அடுப்படிக்குப் போகுமா, டாஸ்மாக்குக்குப் போகுமா என்ற இழுபறி இங்கே எத்தனையோ வீடுகளில் உண்டு.

இந்த ஊரில் இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருத்தி, அம்மா பீடி சுற்றிய காசில் குற்றாலம் பராசக்தி கல்லூரியில் பட்டம் முடித்த பெண். குடிகார அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறாள். இன்னொருவர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, இருபது வருடம் குடித்து, பிறகு குடியை விட்டு ஆறு வருடம் ஆனவர். தெருவில் யாருக்காவது கை நடுங்கினால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அரசு நாளை ஒரு சான்று முறை கொண்டுவந்தால், இந்த இருவருக்கும் அதில் இடம் இருக்குமா? முறை நல்லதா கெட்டதா என்று எடைபோட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

தேவை எவ்வளவு என்பதில் சந்தேகம் வேண்டாம். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் வந்த பிரச்சினைக்கு உதவி தேவை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இந்தப் பள்ளத்தை மனநல மருத்துவர்களை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. அத்தனை மருத்துவர்கள் நாட்டிலேயே இல்லை. நிரப்பப்போவது ஆலோசகர்கள்தான்.

ஆலோசகர் என்றால் ‘குடிக்காதே தம்பி’ என்று புத்தி சொல்பவர் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். புத்தி சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மாமனார் சொல்கிறார், வாத்தியார் சொல்கிறார், ஊர்க்கூட்டத்தில் சொல்கிறார்கள். ஆலோசகர் செய்ய வேண்டியது வேறு. அதில் பாதி, உயிர் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

பல வருடம் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது மூன்றாவது நாளில் சிலருக்கு உடல் நடுங்கி, வியர்த்துக் கொட்டி, புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். மருத்துவர்கள் இதை ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்பார்கள். வீட்டில் ‘பேய் பிடிச்சிருக்கு’ என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குப் போகும் ஆலோசகர் திண்ணையில் உட்கார்ந்து, “மைனி, அண்ணாச்சி ராத்திரி ஒறங்குதாவளா? கை நடுங்குதா? இல்லாத ஆள்ட்ட பேசுத மாதிரி பேசுதாவளா?” என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பதிலைக் கேட்டதும் அறிவுரையை நிறுத்திவிட்டு, தென்காசி அரசு மருத்துவமனைக்கு வண்டி பிடிக்கவும் தெரிய வேண்டும். போதை மீட்பு மையம் என்ற பெயரில் அறைக்குள் போட்டுப் பூட்டி, ‘மூணு நாள் கத்துவான், அப்புறம் சரியாயிருவான்’ என்று சொல்பவருக்குத் தெரியாத பாடம் இதுதான்.

இந்தப் பகுதிக்கென்றே உள்ள ஒரு பாடமும் உண்டு. தென்காசி, சபரிமலைக்குப் போகிற வழி. கார்த்திகை முதல் நாள் மாலை போடுபவர்களில், அன்றைக்கே குடியை நிறுத்துபவர்கள் நிறைய. நல்ல விஷயம்தான். ஆனால், முந்தின இரவு வரை முழு பாட்டில் குடித்தவர் மறுநாள் காலையில் குளித்து மாலை போட்டால், இரண்டாம் நாளுக்குள் அவருக்கு வலிப்பு வந்தால் ஆச்சரியமில்லை. சாமி குற்றம் என்று பரிகாரம் தேடுவார்கள். பி1 வைட்டமின் ஊசியும் மாத்திரையும் தேவைப்படும் நேரத்தில் பொழுது போய்விடும். விஷயம் தெரிந்த ஆலோசகர் ஐப்பசியிலேயே வீடு வீடாகப் போய், “இந்த வருசம் மாலை போடுதியளா? அதுக்கு முன்னால ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வருவோம்” என்பார். விரதம் முடிந்து மாலை கழற்றும் நாளும் அவர் கணக்கில் இருக்கும். நாற்பத்தொரு நாள் குடிக்காமல் இருந்தவரிடம், ‘இத்தனை நாள் எப்படி முடிந்தது?’ என்று கேட்டுப் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல தருணம் ஏது? டெல்லியில் அச்சிட்ட எந்தப் பாடநூலிலும் இது இருக்காது. கீழப்பாவூரில் பிறந்தவருக்குத் தெரியும். ஆனால், மருத்துவப் பக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால்தான் அந்த அறிவு பயன்படும்.

பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்திருப்போம்: அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவாராம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். மருத்துவர்கள் சிலருக்கு எழுதித்தரும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்தும் போகலாம். அதனால்தான் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது விதி. அதைக் குழம்பில் கலக்கச் சொல்லும் ‘ஆலோசகர்’களும் இருக்கிறார்கள். வேறு வழி தெரியாமல் கலக்கும் மனைவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலக்கச் சொன்னவரிடம் கேள்வி கேட்க ஓர் அமைப்பு வேண்டும். பதிவு இருந்தால்தானே அதை ரத்து செய்ய முடியும்?

இந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் நல்ல தொடக்கம் இருந்தது. தொழிலதிபர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் குடியால் இளம் வயதிலேயே இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னாளில் எல்லோரும் டி.டி.கே. மருத்துவமனை என்று அழைத்தது அதைத்தான். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ. மஞ்சக்குடி என்ற கிராமத்தில் அவர்கள் நடத்திய முகாம்கள், நோயாளியை நகரத்துக்கு இழுக்காமல் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுபோக முடியும் என்று காட்டின. நாடு முழுவதிலுமிருந்து ஆலோசகர்கள் அந்த அறக்கட்டளையில் வந்து பயின்றார்கள். ஒரு தனியார் அறக்கட்டளை இவ்வளவு செய்தது பெருமைதான். ஆனால், அது தரும் சான்று அதன் நல்ல பெயரால்தான் செல்லுபடியாகிறது, சட்டத்தால் அல்ல. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் ஒரு வாரத்தில் அச்சடித்துத் தரும் ‘டிப்ளமோ’வுக்கும் சட்டத்தின் பார்வையில் அதே மதிப்புதான்.

சட்டம் என்னதான் சொல்கிறது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. எனவே, ஆட்களைத் தங்கவைக்கும் மீட்பு மையங்கள் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். நோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95ஆவது பிரிவு தடை விதிக்கிறது. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியோடு மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய மாநிலம் இது. அந்தப் பிரிவின் அருமை நமக்குத்தான் தெரிய வேண்டும். அதே சட்டம் மாநில ஆணையத்திடம் இன்னொரு வேலையையும் கொடுத்திருக்கிறது: மருத்துவ உளவியலாளர்கள், மனநலச் செவிலியர்கள், மனநலச் சமூகப் பணியாளர்கள் ஆகியோரைப் பதிவு செய்வது. சமூகப் பணியாளர் என்றால் முதுகலைக்கு மேல் எம்.பில். வரை கேட்கிறது. மையத்தில் நோயாளியோடு அதிக நேரம் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர் இந்தப் பட்டியலில் இல்லை. கட்டடத்துக்குப் பதிவு உண்டு. உள்ளே பேசுகிறவருக்கு இல்லை.

2021இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. அதன் அட்டவணையில் ஆலோசகர்கள் வருகிறார்கள். சர்க்கரை நோய்க்கு, தாய்ப்பாலூட்டலுக்கு, எச்.ஐ.வி.க்கு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்று பெயர் சொல்லியே இருக்கிறார்கள். குடிக்கு ஆலோசனை சொல்பவரைப் பொதுப்பெயர்களுக்குள் எங்காவது பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். பொருத்தினாலும், துணைநிலைத் தொழிலர் என்ற தகுதிக்கே இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு மேற்பட்ட நிலைக்கு 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு. கீழப்பாவூர்ப் பெண் இன்னொரு படிப்புக்குப் பணமும் வருடங்களும் செலவழித்தால் ஒருவேளை உள்ளே போகலாம். மூட்டை தூக்கியவர் போகவே முடியாது.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியில் நடக்கும் மறுவாழ்வு மையங்களில் அவருக்கு ஓர் இடம் உண்டு. போதையிலிருந்து மீண்டவரை ‘சக வழிகாட்டி’யாக வைத்துக்கொள்ள அந்தத் திட்டம் இடம் தருகிறது. ஆனால், ஏணியில் அதுவே முதல் படி, அதுவே கடைசிப் படி. பத்து வருடம் வேலை பார்த்தாலும் அவர் சக வழிகாட்டிதான். நேற்று சேர்ந்த பட்டதாரிதான் ஆலோசகர்.

உலகில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கொழும்பில் தலைமையகம் கொண்ட கொழும்புத் திட்ட அமைப்பு, 2009இலிருந்தே போதை சிகிச்சைப் பணியாளர்களுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் சான்றும் வைத்து நடத்திவருகிறது. அதில் படிகள் இருக்கின்றன. அனுபவம் கூடக் கூட அடுத்த படிக்குத் தேர்வு எழுதலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நான் எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்புவது கலிபோர்னியாவை. அங்கே நெடுங்காலமாக இருந்துவந்த விதி பட்டம் கேட்கவில்லை. 155 மணி நேர வகுப்பு, 160 மணி நேர செய்முறைப் பயிற்சி, அதற்கு மேல் 2,080 மணி நேரம் மேற்பார்வையில் வேலை, பிறகு எழுத்துத் தேர்வு. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 2,080 என்பது சரியாக ஒரு வருட வேலை. முதலில் பதிவு செய்துகொண்டு வேலையில் சேரலாம். ஐந்து ஆண்டுக்குள் சான்று பெற்றுவிட வேண்டும். பெற்ற பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 40 மணி நேரம் படித்துக்காட்ட வேண்டும். படிப்பைவிட வேலை பல மடங்கு. அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு மூத்தவர். குடியை விட்டவர்கள் அங்கே ஆலோசகர்களாக வந்து நிறைந்தது இந்த வழியில்தான்.

இது நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு, நாமே ஒருமுறை செய்து காட்டியதை நினைவுபடுத்தலாம். 1986இல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமன் குழுவால் கண்டறியப்பட்டது. 1994இல் தமிழ்நாடு அதற்கென்று ஒரு தனிச் சங்கம் அமைத்தது. பிறகு அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ வந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சாதாரணப் பட்டதாரிகள். பரிசோதனைக்கு முன்னால் என்ன பேசுவது, முடிவைச் சொல்லும்போது எப்படிச் சொல்வது, மனைவியை எப்படி அழைத்துவரச் செய்வது, ரகசியம் எப்படிக் காப்பது என்று அரசு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தொற்றோடு வாழ்பவர்களும் இந்த வேலைக்குள் வந்தார்கள். வாய் திறந்து பேசவே கூசிய ஒரு விஷயத்தை, வட்டார மருத்துவமனையின் ஒரு சின்ன அறையில் பேசக்கூடியதாக ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் நோய் கட்டுக்குள் வந்ததில் அந்த அறைகளுக்கும் பங்கு உண்டு.

குடிக்கு அதே மாதிரி ஓர் அறை ஏன் இல்லை என்பதற்குக் கசப்பான பதில் ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி.யில் அரசுக்கு வருமானம் கிடையாது. 2003 நவம்பரிலிருந்து மதுவைச் சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக் மட்டுமே. 2024-25இல் அதன் வழியாக வந்த வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் இறந்தபோது எல்லோரும் பேசினோம். தினம் குவார்ட்டர் குவார்ட்டராகக் கல்லீரல் கெட்டுச் சாகிறவர்களுக்கு அந்தப் பரபரப்பு இல்லை. இருந்தாலும், 2025இல் அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த மீட்பு மையங்களைத் திறந்தது. அதை வரவேற்கிறேன். மதுவிலக்கு வரும்போது வரட்டும். அதற்காகச் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது சான்று முறை. மாநில மனநல ஆணையமே ஒரு பதிவேட்டைத் தொடங்கலாம். மூன்று படி போதும். முதல் படிக்குப் பத்தாம் வகுப்பும், மீண்டவராக இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் குடிக்காமல் இருந்ததற்கு ஆதாரமும். இருநூறு மணி நேர வகுப்பைத் தென்காசியிலோ பாளையங்கோட்டையிலோ வார இறுதிகளில் நடத்தலாம். பீடி சுற்றுபவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் வார நாள் கூலியை விட முடியாது. அதன் பிறகு ஆயிரம், இரண்டாயிரம் மணி நேர வேலை. அதற்கேற்ப இரண்டாம், மூன்றாம் படி. தேர்வு தமிழில். அதிலும் எழுத்துக்குப் பாதி மதிப்பெண் போதும். நோயாளியாக நடிக்கும் ஒருவரை எதிரே உட்காரவைத்து, ‘நான் எங்கே குடிக்கேன், ஒரு கட்டிங் போடுதேன், அவ்வளவுதான்’ என்று அவர் சொல்லும்போது ஆலோசகர் என்ன செய்கிறார் என்று தேர்வாளர் பார்க்கட்டும். உடனே வாதாடுகிறாரா, பொறுமையாகக் கேட்கிறாரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிராமத்து ஆலோசகருக்கு நகரத்தவருக்கு இல்லாத சிக்கல்கள் உண்டு. பாடத்தில் அவற்றுக்கு நல்ல இடம் வேண்டும். வந்தவர் சொந்தக்காரராக இருப்பார், கடன் கொடுத்தவராக இருப்பார். காலையில் ஆலோசகரிடம் அழுதுவிட்டுப் போனவரின் கதை மாலைக்குள் டீக்கடைக்கு வந்தால், அந்தத் தெருவிலிருந்து அடுத்த ஆள் வர மாட்டார். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது சட்டப்படியே உரிமை. அடுத்தது சாதி. ஒரு தெருவைச் சேர்ந்த ஆலோசகரிடம் இன்னொரு தெருக்காரர் வருவாரா, இவர் அந்தத் தெரு வீட்டுக்குள் போய் உட்காருவாரா என்பதைப் பயிற்சியில் வெளிப்படையாகப் பேச வேண்டும். பேசாமல் விட்டால் மையம் ஒரு தெருவுக்கானதாகச் சுருங்கிவிடும்.

‘இதனால் சான்றுக் கடைகள்தானே பெருகும்?’ என்ற கேள்வி வரும். நியாயமான பயம்தான். வகுப்பு நடத்துபவரும் தேர்வு வைப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் கடை பெருகும், பிரித்துவிட்டால் பெருகாது. ‘சான்று இல்லாமல் இத்தனை காலம் நல்லது செய்தவர்களைத் துரத்திவிடுவீர்களா?’ என்றும் கேட்பார்கள். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு இந்தச் சான்று முறை எந்த வகையிலும் தேவையில்லை. அங்கே காசு வாங்குவதில்லை. தொழில்முறை ஆக்கக் கூடாது என்பது அவர்களுடைய எட்டாவது மரபு. கட்டணம் வாங்குபவருக்கும் ஆளைத் தங்கவைப்பவருக்கும்தான் பதிவு கட்டாயம். ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்கு ஐந்து வருட அவகாசம் கொடுக்கலாம்.

கடினமான பகுதி வேறு. இரண்டாயிரம் மணி நேரம் வேலை செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு மூத்தவர் வேண்டும். தென்காசி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரும் உளவியலாளரும் ஏற்கெனவே வெளிநோயாளிகள் கூட்டத்தில் மூழ்கியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மதியத்தை மேற்பார்வைக்கென்று ஒதுக்கி, அதை அவர்களுடைய பணிநேரமாகவே கணக்கிட்டு ஓர் அரசாணை போட்டால்தான் இது நடக்கும். சான்று பெற்றவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கொடுத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாமதமாக வரும் தொகுப்பூதியத்தில் அவரை வைக்கக் கூடாது. நம்பிக்கை மைய ஆலோசகர்கள் இத்தனை வருடமாகக் கேட்பதும் பணி நிரந்தரத்தைத்தான். இந்த இரண்டுக்கும் நிதித் துறையின் ஒப்புதல் வேண்டும். ஆணையத்தின் பதிவேட்டுக்கு விதிகள் எழுதும் முன்பே அந்தக் கோப்பு நகர்ந்தாக வேண்டும்.